கல்ஹின்னை அச்சிட்ட ஆய்வேடு

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தியில் பெனர் ஏறும். பிள்ளையின் படம், இஸட் புள்ளி, மாவட்ட நிலை, வாழ்த்துவோர் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். சில வேளை வாழ்த்துவோரின் படம் பிள்ளையின் படத்தைவிடப் பெரிதாகவும் இருக்கும். பிழையில்லை, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளை பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ போய் நான்கு வருடம் படித்து, கடைசி வருடத்தில் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறதே, அதற்கு யாராவது பெனர் கட்டியிருக்கிறோமா? பெனரை விடுங்கள். அந்த ஆய்வேட்டின் தலைப்பு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாமல் போகிறது. "ஏதோ புத்தகம் எழுதிக் குடுத்தான் சேர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் எழுதியதை ஊர் எடுத்துக் கொண்டாடிய ஒரு கதை இந்த நாட்டில் உண்டு. நடந்தது கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அல்ல. நம்மைப் போல மலையில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில். அதை இங்கே சொல்லிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. அடுத்த வருடம் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக சுவாமி விபுலாநந்தர் வந்தார். 1947இல் அவர் காலமான பிறகு பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தமிழ்த்துறையைக் கொண்டு நடத்தினார். அந்தக் காலத்தில் அங்கே தமிழ் படிக்கப் போன முஸ்லிம் மாணவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவர் பாணந்துறைப் பக்கம் ஹேனமுல்லையைச் சேர்ந்த ம.மு. உவைஸ். 1922இல் பிறந்தவர். சிங்கள ஊர்கள் சூழ்ந்த இடத்திலிருந்து வந்து, தமிழையே பாடமாக எடுத்து, முதுமாணிப் பட்டத்துக்கும் தமிழிலேயே ஆய்வு செய்தார். தலைப்பு, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பு. 1951இல் பட்டம் கிடைத்தது. ஆய்வேடு ஆங்கிலத்தில். தமிழ் பற்றிய ஆய்வையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்த காலம் அது.

இந்தத் தலைப்பு இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அன்று அப்படியில்லை. தமிழ் இலக்கிய வரலாறு என்று சொல்லப்பட்ட புத்தகங்களில் முஸ்லிம் புலவர்களுக்குக் கிடைத்த இடம் சில வரிகள்தான். உமறுப்புலவர், சீறாப்புராணம் என்று இரண்டு பெயர் சொல்லிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் வீடுகளில் நிலைமை வேறு. உம்மம்மாக்களின் பெட்டிக்குள் முனாஜாத்தும் மாலையும் கிஸ்ஸாவும் படைப்போரும் கிடந்தன. ரபியுல் அவ்வல் மாதத்தில் ஓதினார்கள், மையித்து வீட்டில் ஓதினார்கள், பிள்ளையைத் தாலாட்டும்போது பாடினார்கள். அவற்றுக்கு இலக்கியம் என்று பெயர் வைக்க ஒருவரும் இல்லை. 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா, 1590இல் ஆலிப் புலவர் பாடிய மிகுராசு மாலை, அதற்குப் பின் வந்த சீறா, அதன் பின்னே வரிசையாக வந்த காப்பியங்கள் என்று ஒரு நீண்ட தொடர் இருப்பதைப் பல்கலைக்கழகத்தின் முன்னே அடுக்கி வைத்தவர் அந்த மாணவர். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எல்லாம் தமிழுக்குப் புதிதாக வந்து சேர்ந்த இலக்கிய வடிவங்கள் என்று எடுத்துக் காட்டினார்.

சரி, ஆய்வேடு எழுதியாயிற்று. பட்டமும் கிடைத்துவிட்டது. வழக்கமாக அதோடு அது நூலகத் தட்டுக்குப் போய்த் தூசி பிடிக்க வேண்டியதுதான். அப்படி நடக்காமல் செய்தது கண்டி மாவட்டத்தின் கல்ஹின்னை. அந்தக் கிராமத்தைச் சேர்ந்த எஸ்.எம். ஹனிபா தமிழ் மன்றம் என்ற பெயரில் ஒரு பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். கல்ஹின்னை தமிழ் மன்றம் 1953இல் உவைஸின் ஆய்வேட்டைப் புத்தகமாக வெளியிட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தனின் 'இலக்கியத் தென்றல்' நூலும் அதே மன்றத்தின் ஆரம்ப வெளியீடுகளில் ஒன்று. யோசித்துப் பாருங்கள். மலையில் ஒரு முஸ்லிம் கிராமம். அதன் பெயரைத் தாங்கிய புத்தகம் சென்னைக்கும் மதுரைக்கும் போகிறது. அங்கேயுள்ள பேராசிரியர்கள் முதல் பக்கத்தைத் திறந்து, 'கல்ஹின்னை' என்றால் எங்கே என்று கேட்டிருக்க மாட்டார்களா?

அந்த ஒரு புத்தகத்தோடு காரியம் முடியவில்லை. 1966இல் மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று மாநாடு நடந்தது. 1973இல் திருச்சியில் உலக அளவில் நடந்தது. 1979இல் கொழும்புக்கு வந்தது. உவைஸ் வித்தியோதயாவில் படிப்பித்தார். இடையில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழாக்கினார். முஸ்லிம் காப்பியங்களை ஆராய்ந்து 1975இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவானபோது, அதில் முதலில் அமர்ந்தவர் இந்த ஹேனமுல்லைக்காரர்தான். அங்கே பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். 1996இல் காலமானார். எல்லாவற்றுக்கும் விதை இருபதுகளின் கடைசியில் இருந்த ஒரு மாணவரின் ஆய்வேடு. தண்ணீர் ஊற்றிய முதல் கை ஒரு கிராமத்தின் கை.

நம் வகுப்பில் சீறாப்புராணம் படிப்பிக்கும்போது பிள்ளைகள் பரீட்சைக்கு வருமா, வராதா என்றுதான் கேட்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. அந்தப் பாடம் பாடப்புத்தகத்துக்குள் வந்து சேர்ந்த வழியை நாமாவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம் மாறிய பிறகு நடந்தவை இன்னும் சுவாரஸ்யமானவை. அங்கே தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' என்ற ஆண்டு மலரை நடத்தியது. 1940களின் கடைசியிலேயே, கொழும்பில் இருந்த காலத்திலேயே தொடங்கிய மலர் அது. பேராசிரியரின் கட்டுரையும் முதலாம் வருட மாணவனின் கவிதையும் ஒரே அட்டைக்குள் வரும். யாருடையது நிலைக்கும் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் அங்கே படித்த மாணவர்களில் செங்கை ஆழியான், செம்பியன் செல்வன், செ. யோகநாதன் ஆகியோர் இருந்தார்கள். பின்னாளில் நாவல், சிறுகதை என்றாலே நினைவுக்கு வரும் பெயர்கள். அந்தக் கால மாணவர் கதைகளைச் சேர்த்து 1962இல் 'கதைப்பூங்கா' என்ற தொகுப்பு வந்தது. மாணவர்களின் கதைகளை மாணவர்களே வெளியிட்டார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அச்சுக்கூடத்துக்கும் விடுதிக்கும் இடையே பஸ்ஸில் ஓடித் திரிந்திருப்பார்கள். இன்று கணினியில் ஒரு மலர் செய்வதற்கே ஆறு மாதம் கூட்டம் போடுகிறோம்!

நாடகம் தனிக் கதை. 1956இல் பேராசிரியர் சரச்சந்திர பேராதனை மாணவர்களை வைத்து 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்தின் போக்கே அதன் பிறகு மாறியது. தமிழ்ப் பக்கத்தில் அதே வேலையை வித்தியானந்தன் கையில் எடுத்தார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடும் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்தார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', பிறகு 'வாலி வதை'. ஆடியவர்கள் எல்லாம் மாணவர்கள். அண்ணாவியார் மட்டக்களப்பிலிருந்து வந்து பழக்கினார். பட்டம் இல்லாத அண்ணாவியார் ஆசான், பல்கலைக்கழக மாணவன் சீடன். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு என்ற மட்டக்களப்பு மாணவர் பின்னர் அந்தக் கூத்து மரபையே ஆராய்ந்து கலாநிதியாகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பிக்கும் பேராசிரியரானார். பேராதனையில் ஆடியதோடு நிற்காமல் அந்தக் கூத்துகள் ஊர் ஊராகப் போயின. "நாங்கள் ஆடியதைப் படித்த பிள்ளைகளும் ஆடுகிறார்கள்" என்று கிராமத்துக் கூத்தர் பார்த்தபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்! படித்தவர்கள் ஆடத் தொடங்கிய பிறகுதான் நம்மவர் பலருக்கு அது கலை என்று தெரிந்தது. அது ஒரு கசப்பான உண்மையும்தான். மாசி மாதம் நம் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வாசிக்கும்போது ஒரு கேள்வி வந்தே ஆக வேண்டும். அந்த 1950, 60களில் பூனாகலைப் பிள்ளை எங்கே இருந்தது?

மலையில்தான் இருந்தது. கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில். 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. அது தோட்டத்துக்குள் ஒழுங்காக நுழையவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. தோட்டப் பாடசாலை என்பது பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு சரி. அந்தப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது 1970களில்தான். பேராதனையில் மாணவர்கள் கதைத் தொகுப்பு வெளியிட்ட காலத்தில், மலையகத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரும் சும்மா இருக்கவில்லை. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற பட்டதாரி ஆசிரியர்கள் ஒரு தலைமுறையையே எழுப்பிவிட்டார்கள். அறுபதுகளின் மலையக இலக்கிய எழுச்சி அந்த வகுப்பறைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

நம் பதுளை மாவட்டத்தின் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெளிவத்தை ஜோசப் 1934இல் இந்த மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில்தான் பிறந்தார். வேலை பார்த்த தெளிவத்தை தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகம் போனவரல்ல. ஆனால் 'காலங்கள் சாவதில்லை' நாவலை எழுதினார். பத்திரிகைத் துணுக்குகளையும் கிழிந்த சஞ்சிகைகளையும் வருடக்கணக்காகச் சேர்த்து 'மலையகச் சிறுகதை வரலாறு' எழுதினார். இன்று மலையக இலக்கியத்தில் ஆய்வேடு எழுதும் எந்தப் பல்கலைக்கழக மாணவரும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியாது. 2022இல் அவர் மறைந்தபோது நாடு முழுக்கத் தமிழ் எழுத்தாளர்கள் அஞ்சலி எழுதினார்கள். நம் பாடசாலைகளில் எத்தனையில் அவர் பெயர் காலைக் கூட்டத்தில் சொல்லப்பட்டது?

பதுளை தந்த இன்னொருவர் மு. நித்தியானந்தன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' ஆகிய கதைத் தொகுதிகள் புத்தகமாக வந்தது அவருடைய வைகறை வெளியீட்டின் மூலம்தான். கல்ஹின்னையில் ஹனிபா செய்ததை மலையகத்துக்கு இவர் செய்தார் என்று சொல்வோம். பிறகு 2014இல் 'கூலித்தமிழ்' என்ற ஆய்வு நூலைத் தந்தார். தோட்டத்துரைமார் நம் பாட்டன் பூட்டனோடு பேசுவதற்காகத் தமிழ் படித்த கையேடுகள் அந்தக் காலத்தில் வந்தன. 1915இல் வந்த ஒன்றின் பெயரே 'கூலித் தமிழ்'. அந்தத் தமிழில் கேள்வி குறைவு, ஏவல் அதிகம். 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற பழைய நூலையும் நித்தியானந்தன் அதில் ஆராய்ந்திருக்கிறார். கோப்பிக் காலத்திலேயே நம்மைப் பற்றி அச்சில் வந்த தமிழ் அது. யார் பார்வையில் வந்தது, யாருக்காக வந்தது என்பதெல்லாம் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த நூலைக் கட்டாயம் காட்டுங்கள்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பதுளை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில் போகும், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்தக் கணக்கைச் சிலர் நமக்குச் செய்யும் தருமம் போலப் பேசுவார்கள். லயத்து அறையில், குப்பி விளக்கில் படித்த தலைமுறைகளின் கடனை நாடு இன்னும் கட்டி முடிக்கவில்லை என்பதே எங்கள் கருத்து. எப்படியோ, அந்த வழியிலும் திறமை வழியிலும் ஒவ்வொரு வருடமும் மலையகப் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். 2005இல் நம் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்ப்புக்கும் தனியாக ஒரு பட்டப்படிப்பு அங்கே இருக்கிறது. நாம் நூற்றைம்பது வருடமாகக் கையால் செய்த வேலைக்கு ஒரு பட்டம்! ஆய்வு மாநாடுகள் நடக்கின்றன. மாணவர்களின் ஆய்வுச் சுருக்கங்கள் அச்சில் வருகின்றன. பசறை வீதியால் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு அந்தக் கட்டடங்களுக்குள் தேயிலையைப் பற்றி என்ன ஆராய்கிறார்கள் என்று தெரியும்?

நம் பிள்ளைகள் எதைப் பற்றி எழுதுகிறார்கள்? கலைப்பிரிவுப் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் தோட்டத்தைத்தான் எழுதுகிறார்கள். இடைவிலகும் மாணவர், நாட்சம்பளம், தாய் வெளிநாடு போன வீட்டில் வளரும் பிள்ளை, தாலாட்டும் ஒப்பாரியும், காமன் கூத்து, பொன்னர் சங்கர், தோட்டக் கோயில்களின் வரலாறு. விஞ்ஞானம் படிக்கிறவர்கள் மண், நீர், தேயிலை நோய், மண்சரிவு என்று போவார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டுக்கு ஒரு பிரதி வந்தாலும் அலுமாரிக்கு மேலே, கலியாண அல்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள பிரதியை அங்கேயே இருந்து பார்க்கலாம், வெளியே கொண்டுவர முடியாது. ஆக, எந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதப்பட்டதோ அந்தத் தோட்டத்து ஆள் மட்டும் அதை வாசிக்க முடியாது. பேட்டி கொடுத்த ஆயாவுக்கு, தான் சொன்னது எந்தப் பக்கத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. லயங்கள் மண்ணுக்கடியில் போயின. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்பது அப்போதே செய்திகளில் வந்தது. ஆக, அறிவு இருந்தது. ஆராய்ந்தவர்கள் ஆராய்ந்திருந்தார்கள், தாளில் எழுதியும் இருந்தார்கள். போகச் சொன்னவர்கள் போக இடம் கொடுக்கவில்லை என்பது அதன் பெரிய பாகம். அதை நாம் மறைக்கக் கூடாது. வீடும் காணியும் இல்லாதவனுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்து என்ன பயன்? ஆனால் இன்னொரு பாகமும் உண்டு. அந்த அறிவு நம் மொழியில், நம் மண்டபத்தில், படத்தோடும் வரைபடத்தோடும், "எந்த லயம், எந்த ஓடை, எந்த வெடிப்பு" என்று விரல் வைத்துக் காட்டப்படவில்லை. காட்டப்பட்டிருந்தால் கேட்கிற குரல் இன்னும் சத்தமாக இருந்திருக்கும். 2023 மார்ச் மாதம் நம் கபரகலையிலேயே மலை இறங்கியது. குடும்பங்கள் இரவோடு இரவாக வெளியேறின. மழைக்காலத்தில் பிள்ளைகள் பாடசாலைக்கு வராத நாட்களுக்கு நாம் இடாப்பில் போடும் அடையாளம் ஒன்றுதான், ஆனால் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த மலையில் பிறந்து, புவியியலோ பொறியியலோ படித்து, மண்சரிவைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிய ஒரு பிள்ளை இருந்தால், அந்த நாற்பது பக்கம் முதலில் யாருக்குச் சொல்லப்பட வேண்டும்? பரீட்சகர் இருவருக்கு மட்டுமா?

நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்றும் நினைக்க வேண்டாம். உலகப் பல்கலைக்கழகங்களில் மலையகத்தைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வலன்டைன் டானியல் 1996இல் எழுதினார். மைத்ரி ஜெகதீசன் 2019இல் தோட்டப் பெண்களைப் பற்றி எழுதினார். நல்ல புத்தகங்கள். ஆனால் ஆங்கிலத்தில் அமெரிக்காவில் அச்சானவை, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கப் போவதில்லை. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையைத் திரும்ப நடப்பது பெரிய காரியம். நம் வரலாற்றை நாம் வாசிக்கத் தொடங்குவதும் அந்த நடையைச் சேர்ந்ததுதான்.

ஆகவே பழைய மாணவர்கள், பெற்றோர், கோயில் பரிபாலன சபையினர், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், கடைக்கார அண்ணன்மார் எல்லோரிடமும் ஒரு யோசனையை வைக்கிறோம். வருடத்தில் ஒரு நாள். ஒரு போயா நாளோ, டிசம்பர் விடுமுறையில் ஒரு ஞாயிறோ. பாடசாலை மண்டபம் போதும். இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை, வரைந்ததை, படம்பிடித்ததை, கவிதையோ குறும்படமோ எதுவானாலும் கொண்டு வரட்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். தமிழில் பேச வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவரும் அப்பத்தாவுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியவில்லை என்றால் அவருக்கே அது முழுதாக விளங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சிங்களக் கிராமத்து நண்பர்களையும் கூப்பிடுவோம், மண்சரிவுக்கு மொழி தெரியாது.

ஒரே ஒரு நிபந்தனை. மாலை, பொன்னாடை, பிரதம அதிதி உரை என்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்கு "நேரம் போதாமையால் மாணவர்கள் சுருக்கமாக..." என்று முடிகிற விழா நமக்கு வேண்டாம். அந்த மாதிரி விழாக்களை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். முன்வரிசைக் கதிரைகளில் பேட்டி கொடுத்தவர்கள் இருக்கட்டும். கொழுந்து பறிக்கும் அக்காமார், பழைய தப்பு அடிக்கிறவர், காமன் கூத்து மாஸ்டர், ஓய்வுபெற்ற கங்காணி.

அவர்கள் அங்கே இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. ஒரு பிள்ளை தாலாட்டுப் பாட்டை எழுதி வாசிக்கும்போது, "அடுத்த அடி அது இல்ல தம்பி" என்று ஒரு பாட்டி எழும்பிச் சொல்வார். பிறகு சரியான அடியைப் பாடிக் காட்டுவார். எந்த வெளிப் பரீட்சகராலும் செய்ய முடியாத திருத்தம் அது. ஒரு தோட்டத்தின் பெயர் எப்படி வந்தது, எந்த வருடம் எந்த லயம் எரிந்தது, எந்த ஓடை முன்பு எங்கே ஓடியது என்பதெல்லாம் இவர்களிடம்தான் இருக்கிறது. பேராதனை மேடைக்கு மட்டக்களப்பு அண்ணாவியார் எப்படித் தேவைப்பட்டாரோ, அப்படித்தான்.

கவனமாக இருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சில ஆய்வுகளில் குடும்பக் கஷ்டம், குடிப்பழக்கம், கடன், வீட்டுச் சண்டை எல்லாம் இருக்கும். எந்த வீடு என்று ஊருக்கு உடனே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவற்றை மண்டபத்தில் வாசிப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிள்ளைகளுக்கு இதை விரிவுரையாளர் சொல்லிக் கொடுத்திருப்பார், நாமும் ஞாபகப்படுத்துவோம்.

அச்சடிக்கக் காசு வேண்டுமே என்று கேட்பீர்கள். 1953இல் கல்ஹின்னைக்கு ஈய எழுத்துக் கோத்து அச்சடிக்க வேண்டியிருந்தது. நமக்கு அது தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் மலர்களும் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பழைய 'இளங்கதிர்' இதழ்கள் பலவற்றைக் கையிலிருக்கும் போனிலேயே வாசிக்கலாம். இன்று இரவே ஒன்றைத் திறந்து பாருங்கள், விளம்பரப் பக்கங்களே ஒரு வரலாறு. நம் பிள்ளைகள் சம்மதித்தால், பல்கலைக்கழக விதிகளும் இடம் கொடுத்தால், அவர்களுடைய ஆய்வேடுகளுக்கும் அப்படி ஓர் இடம் தேடலாம். பாடசாலை நூலகத்தில் ஒரு தட்டை ஒதுக்கிப் புகைப்படப் பிரதி ஒவ்வொன்று வைக்கலாம். ஒரு பிரதி எடுத்துக் கட்டுவதற்கு ஆகும் செலவு, சந்தியில் கட்டும் ஒரு பெனரின் செலவைவிடக் குறைவு.

முதல் வேலையாக ஒரு பட்டியல் எடுப்போம். பூனாகலை, கபரகலை, சுற்றியுள்ள டிவிசன்களிலிருந்து இதுவரை பல்கலைக்கழகம் போய் வந்தவர்கள், எந்த வருடம், எந்தப் பல்கலைக்கழகம், ஆய்வேட்டின் தலைப்பு என்ன, பிரதி வீட்டில் இருக்கிறதா இல்லையா. கலைப்பிரிவு, விஞ்ஞானம், கல்வியியற் கல்லூரி என்று பிரிக்க வேண்டாம், எல்லாம் வரட்டும். கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் இருக்கிறவர்களும் எழுதலாம். சிலர் இப்போது ஆசிரியர்களாக நம் பக்கத்து வகுப்பிலேயே இருப்பார்கள், அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். தலைப்பு மறந்துவிட்டது என்று சொன்னால் அலுமாரிக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள். விவரங்களை உள்பெட்டியில் அனுப்புங்கள், அல்லது பிள்ளையிடம் ஒரு துண்டில் எழுதிப் பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். தவணை முடிவதற்குள் பட்டியலை நூலக அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம்.